வெயிலில் வெளுத்த ஃபைபர் படகு: சாயம் பூசும் முன் அறிய வேண்டியவை

கோல சிலாங்கூர், தெலுக் இந்தான், பாகான் டத்தோ, நிபோங் திபால் என ஆற்றையும் கடலையும் ஒட்டிய ஊர்களில் கரையேற்றி வைக்கப்பட்டிருக்கும் சிறிய ஃபைபர் படகுகளைப் பார்த்தால் ஒன்று கண்ணில் படும். வாங்கியபோது கருநீலமாகவோ சிவப்பாகவோ மின்னியவை, சில ஆண்டுகளில் சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்துப் போகின்றன. கையால் தடவினால் வெள்ளைப் பொடி ஒட்டுகிறது.

தூண்டில் போடுவதற்காக நண்பர்கள் சேர்ந்து வாங்கிய படகாக இருந்தாலும், மீன் பிடித்துக் குடும்பம் நடத்துபவரின் படகாக இருந்தாலும், வெளுத்தவுடன் பலரும் செய்வது இரண்டே. ஒன்று, கையில் கிடைத்த சாயத்தை அப்படியே மேலே பூசிவிடுவது. மற்றொன்று, முரட்டு உப்புத்தாளைக் கொண்டு சுரண்டித் தள்ளுவது. இரண்டுமே பிற்பாடு கூடுதல் செலவில் கொண்டுபோய் விடும்.

வெளுத்த படகுகள் பலவற்றுக்குச் சாயமே தேவையில்லை. பழைய நிறம் அந்தப் பொடிக்கு அடியிலேயே இருக்கிறது. அதை எவ்வளவு குறைவாகத் தேய்த்து வெளியே கொண்டுவர முடியும் என்பதே இந்த வேலையின் சூட்சுமம். காரணம், தேய்ப்பதற்கு இருக்கும் படலம் மிக மெல்லியது. ஒருமுறை போனால் திரும்ப வராது.

ஃபைபர் படகின் மேல்தோல்

ஃபைபர் படகு உள்ளிருந்து வெளியே கட்டப்படுவதில்லை. வெளியிலிருந்து உள்ளே கட்டப்படுகிறது. முதலில் அச்சின் உட்புறத்தில் மெழுகு தடவுவார்கள். அதன்மேல் நிறம் கலந்த பாலியெஸ்டர் ரெசினைத் தெளிப்பார்கள். இதற்குத்தான் ஜெல்கோட் என்று பெயர். அது இறுகத் தொடங்கியதும், கண்ணாடியிழைப் பாய்களை ரெசினில் நனைத்து அடுக்கடுக்காக ஒட்டுவார்கள். இறுகிய பிறகு அச்சிலிருந்து கழற்றினால், முதலில் தெளித்த ஜெல்கோட்தான் படகின் வெளிப்புறமாக இருக்கும்.

ஆகவே, படகின் நிறம் மேலே பூசப்பட்ட சாயம் அன்று. அது படகோடு சேர்ந்து வார்க்கப்பட்ட தோல். அதன் தடிமன் பொதுவாக அரை மில்லிமீட்டர் அளவுதான். வலுவைத் தருவது அதற்கு அடியில் உள்ள கண்ணாடியிழை. அந்த இழைக்குள் நீர் புகாமல் காப்பதும், வெயிலை நேரடியாகத் தாங்குவதும் இந்த அரை மில்லிமீட்டர் தோலின் வேலை. அழகு என்பது அதனால் கிடைக்கும் கூடுதல் பயன்.

வெயில் என்ன செய்கிறது?

மலேசியாவும் சிங்கப்பூரும் நிலநடுக்கோட்டை ஒட்டியவை. குளிர்நாடுகளில் ஆண்டில் சில மாதங்கள் படகுக்கு வெயிலிலிருந்து ஓய்வு கிடைக்கும். இங்கே பன்னிரண்டு மாதமும் மதிய வெயில் தலைக்கு மேல்தான். புற ஊதாக்கதிர்க் குறியீடு 11-ஐ எட்டுவது இங்கே அதிசயமில்லை. அனைத்துலக அளவுகோலில் 11-உம் அதற்கு மேற்பட்டதும் உச்ச நிலை. மேகமூட்டமான நாளிலும் அக்கதிர்களில் ஒரு பகுதி கீழே வந்து சேரும்.

இந்தக் கதிர்கள் ஜெல்கோட்டின் மேற்பரப்பில் உள்ள ரெசினின் பிணைப்புகளைச் சிறிது சிறிதாக அறுக்கின்றன. பிடிமானம் இழந்த நிறத்துகள்கள் பொடியாக வெளியேறுகின்றன. கையில் ஒட்டும் வெள்ளைப் பொடி இதுதான். பொடி போன இடத்தில் கண்ணுக்குத் தெரியாத நுண்குழிகள் தோன்றுகின்றன. வழுவழுப்பான பரப்பு ஒளியை நேராகத் திருப்பி அனுப்பும். குழி விழுந்த பரப்பு அதை நாலாபுறமும் சிதறடிக்கும். அதனால்தான் கருநீலம் சாம்பல்போலவும், சிவப்பு இளஞ்சிவப்பாகவும் தெரிகின்றன.

அந்தக் குழிகளில் அழுக்கும் உப்பும் தங்குகின்றன. கறை எளிதில் பிடிக்கிறது. வெயில் நேராக விழும் மேல்தளம் முதலில் கெடும். செங்குத்தான பக்கங்கள் பிறகு கெடும். வெள்ளைப் படகும் பாதிக்கப்படுகிறது. ஆனால் அடர்நிறப் படகில்தான் அது உடனே கண்ணுக்குத் தெரியும்.

முதலில் சோதனை

உப்புத்தாளைக் கையில் எடுக்கும் முன் படகைச் சோப்பு நீரால் கழுவி, நன்னீரில் அலசி, உலரவிட வேண்டும். பிறகு ஒன்றன்பின் ஒன்றாக இந்தச் சோதனைகளைச் செய்யலாம்.

*நீர்ச் சோதனை:* வெளுத்த இடத்தை ஈரத்துணியால் துடைத்துப் பார்க்க வேண்டும். நனைந்திருக்கும்போது பழைய நிறம் திரும்பி, உலர்ந்ததும் மறுபடி வெளுத்தால் நல்ல செய்தி. நிறம் உயிரோடு இருக்கிறது. மேற்பரப்பு மட்டுமே கெட்டிருக்கிறது. நனைந்தும் நிறம் திரும்பாவிட்டால் பாதிப்பு ஆழமாக இருக்கலாம்.

*நிற ஒப்பீடு:* பொருள் வைக்கும் பெட்டி மூடியின் உட்புறத்தில், அல்லது பழைய ஸ்டிக்கர் இருந்த இடத்தில் வெயில் பட்டிருக்காது. அங்கே தெரிவதே படகின் உண்மையான நிறம். எந்த நிறத்தை எட்ட வேண்டும் என்பதை அது காட்டும்.

*சாயச் சோதனை:* பழைய படகுகளுக்கு முந்தைய உரிமையாளர் சாயம் அடித்திருக்கலாம். மறைவான ஓரிடத்தில் அசிட்டோன் நனைத்த வெள்ளைத் துணியால் சில விநாடிகள் தேய்த்துப் பார்க்கலாம். படலம் இளகிக் கொழகொழவென வந்தால் அது சாதாரணச் சாயம். உளி பட்ட இடத்திலோ கீறலின் ஓரத்திலோ இரண்டு நிறங்கள் அடுக்காகத் தெரிந்தாலும் அது சாயமே. அப்படியானால் கீழே சொல்லப்படும் தேய்ப்பு முறைகள் அந்தப் படகுக்குப் பொருந்தாது.

*இழைச் சோதனை:* சாய்வான காலை வெளிச்சத்தில் பார்க்கும்போது பாய் பின்னியதுபோன்ற கோடுகள் நிறத்தின் ஊடே தெரிந்தால், அந்த இடத்தில் ஜெல்கோட் ஏறக்குறைய தீர்ந்துவிட்டது. அங்கே மேலும் தேய்ப்பது கண்ணாடியிழையை வெளியே கொண்டுவந்துவிடும்.

*விரிசலும் கொப்புளமும்:* கயிறு கட்டும் கொக்கிகளைச் சுற்றியும், மூலைகளிலும், படகு கரையில் மோதிய இடங்களிலும் நட்சத்திர வடிவில் மயிரிழை விரிசல்கள் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். எப்போதும் நீரில் கிடக்கும் படகின் அடிப்புறத்தில் கொப்புளங்கள் இருந்தால், நீர் உள்ளே புகுந்துவிட்டது என்று பொருள். இவை வெயிலின் வேலை அல்ல. பாலிஷ் இவற்றைக் குணப்படுத்தாது. மறைக்க மட்டுமே செய்யும்.

*பின்பலகைச் சோதனை:* என்ஜின் தொங்கும் பின்பலகைக்குள் பல படகுகளில் ஒட்டுப்பலகை வைத்திருப்பார்கள். சுத்தியலின் கைப்பிடியால் மெல்லத் தட்டினால் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி கணீரென்று கேட்க வேண்டும். சில இடங்களில் மட்டும் மந்தமாகக் கேட்டாலோ, திருகாணித் துளையிலிருந்து பழுப்பு நீர் கசிந்தாலோ உள்பலகை உளுத்திருக்கக்கூடும். அந்தப் படகுக்கு முதலில் தேவை நல்ல பட்டறை. பளபளப்பு பிறகு.

எந்த நிலைக்கு எந்த வேலை

சோதனை முடிந்ததும் படகை நான்கு நிலைகளில் ஒன்றில் வைக்கலாம்.

முதல் நிலை, மங்கல் மட்டும்: மினுமினுப்பு குறைந்திருக்கும், பொடி அவ்வளவாக இருக்காது. இதற்குப் பாலிஷும் மெழுகும் போதும்.

இரண்டாம் நிலை, கையில் பொடி ஒட்டும்: இதற்கு காம்பவுண்ட், பிறகு பாலிஷ், பிறகு மெழுகு.

மூன்றாம் நிலை, காம்பவுண்ட் போட்டும் நிறம் முழுதாகத் திரும்பாதது: ஈர உப்புத்தாளில் தொடங்கி மேற்சொன்ன மூன்றையும் செய்ய வேண்டும்.

நான்காம் நிலை, இழை தெரிவது அல்லது ஏற்கெனவே சாயம் பூசப்பட்டது: இதற்கு மட்டுமே புதிய சாயமோ புதிய ஜெல்கோட்டோ தேவை.

சந்தேகம் இருந்தால் லேசான முறையிலிருந்தே தொடங்க வேண்டும். படகின் பக்கவாட்டில் ஒரு சாண் அகலச் சதுரத்தை மாஸ்கிங் டேப்பால் அடைத்து, அங்கே மட்டும் செய்து பார்க்கலாம். அந்தச் சதுரம் சொல்லும் பதிலே படகு முழுவதற்கும் பொருந்தும். ஒரு மணி நேரம் பிடிக்கும் இந்த முன்னோட்டம், பல நாள் வீண்வேலையைத் தவிர்க்கும்.

கழுவுதலும் கறை நீக்கமும்

சதுப்புநிலக் காடுகளையும் கரிச்சதுப்பு நிலத்தையும் கடந்து வரும் ஆறுகளின் நீர் தேநீர் நிறத்தில் இருக்கும். இலைதழைகளிலிருந்து வரும் டானின்தான் காரணம். இந்த ஆறுகளில் ஓடும் படகின் முன்பகுதியிலும் நீர்மட்டக் கோட்டிலும் மீசைபோலப் பழுப்புக் கறை படியும். இதைத் தேய்த்து எடுக்க முயல்வது தவறு. கறை குழிகளுக்குள் இறங்கியிருப்பதால், அதைத் துரத்தித் துரத்தித் தேய்த்தால் ஜெல்கோட்தான் குறையும்.

இதற்கு ஏற்றது ஆக்ஸாலிக் அமிலம் கலந்த கறைநீக்கி. மலாய்க்காரர்கள் கிரீஸ் கத்தியின் துருவை அகற்றப் பிலிம்பிங் புளிச்சாற்றைப் பயன்படுத்தி வந்தது பலருக்கும் தெரியும். அந்தக் காயின் புளிப்பில் இருப்பதும் இதே அமிலம்தான். கடையில் கிடைக்கும் கறைநீக்கி அதைவிட வலுவானது. ஆகவே ரப்பர் கையுறையும் கண்ணாடியும் அணிந்து, நிழலில் வைத்துத் தடவி, சில நிமிடங்களில் நன்னீரால் தாராளமாக அலசிவிட வேண்டும். டிரெய்லரின் துத்தநாகப் பூச்சு மீது அது வழியக் கூடாது.

கழிவறை கழுவும் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைப் படகுக்குப் பயன்படுத்தும் வழக்கம் சில இடங்களில் உண்டு. கறை போகலாம், கூடவே உலோகக் கொக்கிகளும் டிரெய்லரும் அரித்துப்போகும். அது வேண்டாம்.

காம்பவுண்ட் போடும் முறை

காம்பவுண்ட் என்பது மிக நுண்ணிய அரத்துகள்கள் கலந்த பசை. மங்கிய மேற்படலத்தை மெல்லச் சீவி, அடியில் உள்ள நல்ல பரப்பை வெளியே கொண்டுவருவது அதன் வேலை. மரைன் ஜெல்கோட்டுக்கென விற்கப்படும் காம்பவுண்டை வாங்குவது நல்லது. காருக்கானது கார்ச்சாயத்தின் மெல்லிய படலத்துக்காகச் செய்யப்பட்டது. ஜெல்கோட்டில் வேலை இழுத்துக்கொண்டே போகும்.

சிறிய சம்பானுக்குக் கையே போதும். பெரிய படகுக்கு வேகத்தைக் கட்டுப்படுத்தக்கூடிய பாலிஷர் இயந்திரம் வேண்டும். நிமிடத்துக்கு ஏறத்தாழ 1,000 முதல் 1,800 சுற்றுகள் போதுமானவை. பட்டறையில் இரும்பு அறுக்கும் நான்கு அங்குல கிரைண்டரில் பஞ்சு வட்டை மாட்டிப் பயன்படுத்துவதை அறவே தவிர்க்க வேண்டும். அது நிமிடத்துக்குச் சுமார் 11,000 சுற்றுகள் ஓடும். சில விநாடிகளில் ஜெல்கோட்டைக் கருக்கிவிடும். வட்டு கழன்று பறந்தால் ஆளுக்கும் ஆபத்து.

வேலையை நேரடி வெயிலில் செய்யக் கூடாது. தொட்டால் சுடும் பரப்பில் காம்பவுண்ட் உடனே காய்ந்து கட்டியாகிவிடும். காலை பத்து மணிக்குள், அல்லது மாலை நிழலில் செய்வது உத்தமம். மரநிழலைவிடக் கூரை நிழல் நல்லது. இலைப்பாலும் பறவை எச்சமும் விழாது.

இரண்டு அடிக்கு இரண்டு அடி என்று பகுதி பகுதியாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். கம்பளி வட்டில் சிறிது காம்பவுண்ட் எடுத்து, இயந்திரத்தை ஓட்டும் முன் அந்தப் பகுதியில் பரப்பிவிட வேண்டும். பிறகு குறைந்த வேகத்தில் தொடங்கி, இடமும் வலமும், மேலும் கீழுமாக நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும். ஒரே இடத்தில் நிறுத்தினால் சூடேறிக் கருகும். விளிம்புகளிலும் மூலைகளிலும் இயந்திரத்தை வைக்காமல் கையால் தேய்ப்பது பாதுகாப்பு. அங்கேதான் படலம் முதலில் தேய்ந்துபோகும்.

வட்டில் பொடியும் பசையும் அடைத்துக்கொண்டால் அது சீவாது, வெறுமனே சூடேற்றும். அடிக்கடி பிரஷால் கோதிவிட வேண்டும். மின்கம்பியைத் தோளின்மேல் போட்டுக்கொண்டால் வட்டில் சிக்காது. ஒரு பகுதி முடிந்ததும் மைக்ரோஃபைபர் துணியால் துடைத்து, முன்னோட்டச் சதுரத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். எண்ணெய்ப் பசை தற்காலிக மினுக்கைத் தரும் என்பதால், துடைத்த பிறகு தெரிவதே உண்மையான நிலை.

ஈர உப்புத்தாள்: கடைசியில் எடுக்க வேண்டிய கருவி

காம்பவுண்டால் நிறம் திரும்பாத இடங்களுக்கு மட்டுமே இது. தண்ணீரில் நனைத்துப் பயன்படுத்தும் வகை உப்புத்தாளாக இருக்க வேண்டும். தாளின் பின்புறத்தில் அச்சிட்டிருக்கும் எண் கூடக்கூட அது மென்மையானது. முதலில் 1500 எண் தாளை முன்னோட்டச் சதுரத்தில் போட்டுப் பார்க்க வேண்டும். போதாவிட்டால் 1000. அதுவும் போதாவிட்டால் 800. அதைவிட முரடான தாளைப் பழக்கமில்லாதவர்கள் தொடாமல் இருப்பதே நல்லது.

800-இல் தொடங்கியவர் அதோடு நிறுத்த முடியாது. 800 விட்ட கீறலை 1000 அழிக்க வேண்டும், 1000 விட்டதை 1500 அழிக்க வேண்டும், பிறகே காம்பவுண்ட். ஒரு படியைத் தாண்டிவிட்டால், மெழுகு போட்ட பிறகு வெயிலில் அந்தக் கீறல்கள் எல்லாம் எழுந்து நிற்கும்.

தாளை வெறும் விரலால் அழுத்தித் தேய்த்தால் விரல் பட்ட இடங்களில் பள்ளம் விழும். ரப்பர் கட்டையிலோ தடித்த ஸ்பாஞ்சிலோ சுற்றிக்கொள்ள வேண்டும். வாளி நீரில் சில துளி பாத்திரம் கழுவும் சோப்பு விட்டால் தாள் வழுக்கிக்கொண்டு ஓடும். ஒரு தாளில் கிடைமட்டமாகத் தேய்த்தால், அடுத்ததில் செங்குத்தாகத் தேய்க்க வேண்டும். முந்தைய கீறல் முழுதாகப் போய்விட்டதா என்று அப்போதுதான் தெரியும்.

எவ்வளவு தேய்ப்பது என்பதற்குப் பென்சில் வழி உதவும். தேய்க்கும் முன் அந்தப் பகுதியில் பென்சிலால் லேசாகக் குறுக்கும் நெடுக்கும் கோடு போட வேண்டும். கோடுகள் மறைந்ததும் நிறுத்திவிட வேண்டும். நல்ல நிறம் வந்த பிறகும் “இன்னும் கொஞ்சம்” என்று தேய்ப்பது, அடுத்த முறைக்கு வேண்டிய ஜெல்கோட்டை இன்றே செலவழிப்பதாகும்.

படகின் பதிவு எண் எழுதியிருக்கும் இடத்தைத் தேய்க்க வேண்டியிருந்தால், முன்கூட்டியே அளவெடுத்துப் படம் பிடித்துக்கொள்ள வேண்டும். எண் அழிந்த படகை மறுபடி எழுதாமல் நீரில் இறக்கினால் அமலாக்க அதிகாரிகளிடம் சிக்கல் வரும்.

பாலிஷும் மெழுகும் ஒன்றல்ல

இவ்விரண்டையும் ஒன்றாக நினைப்பவர்கள் உண்டு. பாலிஷ் என்பது காம்பவுண்டைவிட மென்மையான சீவல்; காம்பவுண்ட் விட்ட வட்டக் கோடுகளை அது அழிக்கிறது. இதற்குக் கம்பளி வட்டைக் கழற்றிவிட்டு ஸ்பாஞ்சு வட்டு போட வேண்டும். மெழுகு எதையும் சீவாது. அது மேலே படியும் காப்பு.

சீவப்பட்ட ஜெல்கோட் திறந்த தோல் போன்றது. மெழுகு போடாமல் விட்டால் சில வாரங்களிலேயே மங்கத் தொடங்கிவிடும். பிரேசில் பனை இலையிலிருந்து எடுக்கப்படும் கார்னாபா மெழுகு நல்ல மினுக்கைத் தரும். ஆனால் நம் வெயிலில் அதிக நாள் தாங்காது. செயற்கை பாலிமர் சீலன்ட் அதைவிடக் கூடுதல் நாள் நிற்கும். எதுவானாலும் புற ஊதாக்கதிர்த் தடுப்பு உள்ளதா என்று டப்பாவைப் படித்துப் பார்த்து வாங்க வேண்டும்.

மெல்லிய படலமாக ஒன்று, அது காய்ந்து துடைத்தபின் இன்னொன்று என்று இரண்டு முறை போடுவது, ஒரே முறை தடிமனாக அப்புவதைவிட நல்லது. மனிதர் நடக்கும் சொரசொரப்பான மேல்தளத்தில் மெழுகு போடவே கூடாது. ஈரக்காலோடு ஏறுபவர் வழுக்கி விழுவார். அதேபோல் அடிப்புறத்தில் சிப்பி, பாசி தடுக்கும் சாயம் பூசியிருந்தால் அங்கேயும் மெழுகு கூடாது.

இன்னொரு கவனம்: வெளிப்பொருத்து என்ஜினின் மூடி ஜெல்கோட் அன்று, அது சாயம் பூசப்பட்டது. காம்பவுண்டை அதன்மேல் ஓட்டினால் சாயமும் எழுத்துகளும் போய்விடும். அதற்குக் கார் மெழுகே போதும்.

சிறு கீறலை அடைப்பது

ஆழமான கீறலுக்கும் மயிரிழை விரிசலுக்கும் ஜெல்கோட் பேஸ்ட் கிடைக்கிறது. விரிசலின்மேல் அப்படியே தடவினால் நிற்காது. கூர்முனையால் அதைச் சற்று அகலப்படுத்தி, அசிட்டோனால் துடைத்து, பிறகே நிரப்ப வேண்டும். ஜெல்கோட் காற்றுப் பட்டால் மேற்பரப்பில் பிசுபிசுவென்றே இருக்கும். அதனால் மேலே பிளாஸ்டிக் தாளை ஒட்டி மூடிவிட வேண்டும். இறுகியதும் ஈர உப்புத்தாள், காம்பவுண்ட் என்று மேற்சொன்ன வரிசையில் சமன் செய்யலாம். நிறம் சேர்ப்பதைப் படகின் மற்ற பகுதிகளைப் பாலிஷ் செய்து முடித்த பிறகு செய்ய வேண்டும். வெளுத்த நிறத்துக்குப் பொருத்தி அடைத்தால் பிற்பாடு அந்த இடம் மட்டும் தனித்துத் தெரியும்.

கலக்கும் ஹார்டனர் பொதுவாக 1 முதல் 2 விழுக்காடுதான். டப்பாவில் எழுதியிருக்கும் அளவை மீறக் கூடாது. நம் வெப்பத்தில் கலவை விரைவாக இறுகும். ஆகவே சிறிது சிறிதாகக் கலக்க வேண்டும். அடைத்த இடம் மறுபடி விரிந்தால் அடியில் படகு வளைகிறது என்று பொருள். அதைப் பட்டறையில் காட்டியாக வேண்டும்.

சாயம் எப்போது?

இழை தெரியும் அளவுக்குத் தேய்ந்த படகுக்கும், ஏற்கெனவே சாயம் பூசிய படகுக்கும் சாயமே வழி. வீட்டுக் கேட்டுக்குப் பூசும் எனாமலை அதன்மேல் பூசினால் நெடுநாள் நிற்காது. உரிந்து செதில் செதிலாக வரும். முறையான வழி இது: மெழுகைக் கரைப்பானால் முழுதாகத் துடைத்து எடுத்து, உப்புத்தாளால் பிடிமானம் ஏற்படுத்தி, எப்போக்ஸி முதற்பூச்சு பூசி, அதன்மேல் இரு கலவை பாலியூரித்தேன் மரைன் சாயம் பூசுவது.

வீட்டில் செய்பவர்கள் உருளையால் பூசி, உடனே நல்ல தூரிகையின் நுனியால் மெல்ல வருடிவிடும் முறையைப் பின்பற்றலாம். இதில் இரண்டு பேர் வேண்டும். தெளிப்பான் கொண்டு அடிப்பதைப் பட்டறைக்கே விட்டுவிட வேண்டும். இந்தச் சாயத்தில் உள்ள ஐசோசயனேட் நுண்துளிகளாக மூச்சில் போனால் ஆஸ்துமாவை உண்டாக்கும். சாதாரண முகக்கவசம் அதைத் தடுக்காது. மழை வரும் நாளிலும், பனி இறங்கும் பின்மாலையிலும் பூசினால் மினுக்கு செத்துவிடும்.

உடலுக்கும் ஆற்றுக்கும் பாதுகாப்பு

கண்ணாடியிழைத் தூசு தோலில் பட்டால் அரிக்கும். மூச்சில் போனால் நுரையீரலுக்குக் கேடு. ஈரமாகத் தேய்ப்பது தூசைக் குறைக்கும். அப்படியும் நீளக்கைச் சட்டை, கண்ணாடி, தூசு வடிகட்டும் முகக்கவசம் ஆகியவை கட்டாயம். ரெசின் வேலைக்குக் கரிம ஆவியைத் தடுக்கும் வடிகட்டி உள்ள கவசம் வேண்டும்.

ஹார்டனர் கண்ணில் தெறித்தால் பார்வையே போகக்கூடும். தெறித்தவுடன் ஓடும் நீரில் குறைந்தது 15 நிமிடம் கழுவிக்கொண்டு மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். ஹார்டனரை அசிட்டோனுடனோ, ரெசினை விரைவுபடுத்தும் கோபால்ட் திரவத்துடனோ நேரடியாகக் கலக்கக் கூடாது. வெடிக்கும் அபாயம் உண்டு. பிள்ளைகள் பக்கத்தில் இருக்கக் கூடாது. வாளி நீரும் மின்சார இயந்திரமும் அருகருகே இருக்கும் வேலை என்பதால், மின்கசிவைத் துண்டிக்கும் சுவிட்ச் உள்ள இணைப்பையே பயன்படுத்த வேண்டும்.

அடிப்புறச் சாயத்தை உலர்ந்த நிலையில் தேய்க்கவே கூடாது. அதில் செம்பு போன்ற நச்சுப் பொருள்கள் உள்ளன. மிகப் பழைய படகுகளில் டிபிடி எனப்படும் வெள்ளீய நச்சும் இருக்கலாம். அதற்கு எதிரான அனைத்துலக ஒப்பந்தம் 2001-இல் ஏற்கப்பட்டு 2008-இல் நடைமுறைக்கு வந்தது. தேய்த்த நீரையும் மிச்ச ரெசினையும் கால்வாயில் ஊற்றினால், அதே ஆற்றில் பிடிக்கும் மீனிலும் இறாலிலும்தான் அது போய்ச் சேரும். கீழே தார்ப்பாய் விரித்து, கழிவைச் சேர்த்து அகற்ற வேண்டும். படகு மரினாவில் இருந்தால், இத்தகைய வேலைகளுக்கு அங்கு அனுமதி உண்டா என்று முதலில் கேட்டுக்கொள்வது நல்லது.

பழைய படகு வாங்குவோருக்கு

விற்பனைக்கு வரும் பழைய படகு அளவுக்கு மீறிப் பளபளத்தால் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். டேஷ்போர்டுக்குப் பூசும் சிலிக்கோன் திரவத்தைத் துடைத்துவிட்டால் வெளுத்த படகும் சில நாள் புதிதுபோல் மின்னும். பிறகு வெளுப்பதோடு, அந்த சிலிக்கோன் மிச்சம் இருக்கும் இடத்தில் சாயமும் பிடிக்காது. மீன்கண் போலக் குழிகள் விழும். சோப்பு நீரால் ஓரிடத்தை நன்கு கழுவி, உலர்ந்த பின் பார்ப்பதே சரியான வழி.

வெளுத்திருப்பதால் மட்டும் ஒரு படகை ஒதுக்கவும் தேவையில்லை. பின்பலகை உறுதியாகவும், அடிப்புறம் கொப்புளமின்றியும், நீர்ச் சோதனையில் நிறம் திரும்புவதாகவும் இருந்தால், அந்த வெளுப்பு விலையைக் குறைத்துப் பேசுவதற்கான நல்ல காரணம். மின்னும் படகின் உளுத்த பின்பலகைதான் கடலில் உயிருக்கு உலை வைக்கும்.

மீண்டும் வெளுக்காமல் இருக்க

ஒவ்வொரு பயணத்துக்குப் பிறகும் நன்னீரால் அலச வேண்டும். உப்புப் படிவத்தோடு வெயிலில் காயவிடுவது உப்புத்தாள் போட்டதற்குச் சமம். துடைக்கும்போது அந்தப் படிகங்களே கீறும்.

நிழலைவிடச் சிறந்த மெழுகு இல்லை. எளிய தகரக் கூரையும்கூடப் பல ஆண்டுகள் படகைக் காக்கும். தார்ப்பாய் போடுபவர்கள் அதைப் படகோடு ஒட்டி இறுக்கக் கூடாது. காற்றில் அடித்து உரசும். உள்ளே ஈரம் தங்கிப் பூசணம் பிடிக்கும். நடுவில் ஒரு கம்பு கட்டிக் கூடாரம்போல் உயர்த்தினால் காற்று ஓடும், மழைநீரும் தேங்காது.

மெழுகை நான்கைந்து மாதங்களுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். நாள்காட்டியில் குறித்து வைக்காதவர்கள் தைப்பூசம், விசாக தினம், தீபாவளி என்று மூன்று விடுமுறைகளை நினைவில் வைத்துக்கொண்டால் போதும். இடையில் நீர் தெளித்துப் பார்க்கலாம். நீர் முத்து முத்தாக உருண்டால் மெழுகு இருக்கிறது. விரிந்து படர்ந்தால் தீர்ந்துவிட்டது.

கிழக்குக் கரையில் நவம்பர் தொடங்கி மார்ச் வரையிலான பருவமழைக் காலத்தில் படகுகள் கரையேறிக் கிடக்கும். கூரைக்கடியில் இடம் உள்ளவர்களுக்குச் சோதனைக்கும் தேய்ப்புக்கும் அதுவே ஏற்ற பருவம். அப்படி ஒருமுறை முறையாகச் செய்து, மெழுகை விடாமல் தொடர்ந்தால், அடுத்த முறை உப்புத்தாளை எடுக்க வேண்டிய தேவையே எழாது. பாலிஷ் மட்டும் போதும். அந்த அரை மில்லிமீட்டர் தோலும் படகு உழைக்கும் காலம்வரை உடன் வரும்.